பேக் பொத்தானும் அப் அம்புக்குறியும்: ஆண்ட்ராய்டு செயலி எழுதத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

தோவாளைப் பூச்சந்தையில் விடிவதற்கு முன்பே வியாபாரம் சூடு பிடித்துவிடும். அங்கே நிற்கும் ஒரு வியாபாரி, விலை அறிவிக்கும் செயலி ஒன்றைத் திறந்து பிச்சிப்பூவின் விலையைப் பார்த்துவிட்டு, மல்லியின் விலையைப் பார்ப்பதற்காகப் பட்டியலுக்குத் திரும்ப நினைத்துப் பேக் பொத்தானை அழுத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். அப்போது செயலியே மூடிக்கொண்டால் அவர் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அழுத்த அழுத்த ஒரே பட்டியல் திரும்பத் திரும்ப வந்தால் கைப்பேசி பழுதாகிவிட்டதோ என்று குழம்புவார். பாதி நிரப்பிய ஆர்டர் அழிந்துபோனால் அந்தச் செயலியை அன்றைக்கே நீக்கிவிடுவார். இம்மூன்றும் புதியவர்கள் எழுதும் செயலிகளில் அடிக்கடி காணப்படும் கோளாறுகள். முன்னே செல்லும் வழியை மட்டும் எழுதிவிட்டு, திரும்பி வரும் வழியைத் தானாக அமையும் என்று விட்டுவிடுவதே மூன்றுக்கும் காரணம்.

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கங்களிலுள்ள கல்லூரிகளில் படித்துக்கொண்டோ, படித்து முடித்தோ, ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவில் காட்லின் மொழியில் முதல் செயலியை எழுதத் தொடங்கியிருப்பவர்களுக்காக இக்கட்டுரை எழுதப்படுகிறது. எடுத்துக்காட்டாக, மேலே சொன்ன பூ விலைச் செயலியையே கட்டுரை முழுவதும் எடுத்துக்கொள்கிறேன். அதில் பூக்களின் விலைப்பட்டியல், ஒவ்வொரு பூவுக்கும் ஒரு விவரத் திரை, ஆர்டர் எழுதும் படிவம், ஆர்டர்களின் பட்டியல், ஒவ்வோர் ஆர்டருக்கும் ஒரு விவரத் திரை, கணக்குத் திரை, நுழைவுத் திரை ஆகியவை உள்ளன. கீழே விலை, ஆர்டர், கணக்கு என மூன்று தாவல்கள் இருக்கின்றன.

இரண்டும் எங்கே இருக்கின்றன, யாருடையவை

பேக் பொத்தான் கைப்பேசியின் இயங்குதளத்துக்கு உரியது. சிலருடைய கைப்பேசியில் திரையின் அடியிலுள்ள மூன்று பொத்தான்களில் ஒன்றாக அது இருக்கும். 2019இல் வெளிவந்த ஆண்ட்ராய்டு 10 முதல், திரையின் இடது அல்லது வலது ஓரத்திலிருந்து உள்நோக்கி விரலை இழுப்பதும் பேக் ஆகவே கொள்ளப்படுகிறது. பொத்தானாக இருந்தாலும் இழுப்பாக இருந்தாலும் செயலிக்கு வந்து சேரும் செய்தி ஒன்றே.

அப் அம்புக்குறி உங்கள் செயலிக்கு உரியது. திரையின் மேற்பட்டையில் இடது மூலையில் நீங்கள் வைத்தால்தான் அது இருக்கும், வைக்காவிட்டால் இல்லை. 2011இல் ஆண்ட்ராய்டு 3.0 பதிப்புடன் ஆக்ஷன் பார் எனப்படும் மேற்பட்டை வந்தபோது இந்த வழக்கமும் உடன் வந்தது.

நீங்கள் திறக்கும் திரைகள் ஒன்றன்மேல் ஒன்றாக நினைவகத்தில் சேர்கின்றன. சந்தையில் பூக்கூடைகளை அடுக்கிவைத்தால் மேலே இருப்பதை எடுக்காமல் கீழே இருப்பதை எடுக்க முடியாது அல்லவா? பேக் ஸ்டாக் எனப்படும் திரை அடுக்கும் அவ்வாறே இயங்குகிறது. பேக் என்பது மேலே இருக்கும் திரையை எடுத்துவிட்டு அதற்கு அடியிலுள்ள திரையைக் காட்டுவதாகும். ஆகவே பேக் எப்போதும் பயனர் வந்த வழியைப் பின்பற்றும். அப் என்பதோ செயலியின் அமைப்பைப் பின்பற்றி, இத்திரை எந்தத் திரையின்கீழ் வருகிறதோ அந்தத் தாய்த்திரைக்கு அழைத்துச் செல்ல வேண்டியது.

பழைய நூல்களையும் காணொளிகளையும் பார்த்துப் படிப்பவர்கள் இங்கே குழம்பக்கூடும் என்பதால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். முற்காலத்து விதிப்படி, பிச்சி விவரத்திலிருந்து மல்லி விவரத்துக்கும் அங்கிருந்து அரளி விவரத்துக்கும் சென்ற ஒருவர் பேக் அழுத்தினால் மல்லிக்கும், அப் அழுத்தினால் நேராக விலைப்பட்டியலுக்கும் போக வேண்டும் என்று கற்பிக்கப்பட்டது. இப்போது கூகுளின் நேவிகேஷன் கம்போனன்ட் (திரைவிட்டுத் திரை செல்வதைக் கவனித்துக்கொள்ளும் நூலகம்) பின்பற்றும் நெறி அதைவிட எளியது. பயனர் உங்கள் செயலியைத் தாமே திறந்து உள்ளே நடமாடும்போது பேக், அப் ஆகிய இரண்டும் ஒரே இடத்துக்கே அழைத்துச் செல்லும். இரண்டு சூழல்களில் மட்டுமே அவை வேறுபடும். முதலாவது, தொடக்கத் திரையில் பேக் அழுத்தினால் செயலியை விட்டு வெளியேறலாம். அங்கே அப் அம்பு காட்டப்படவே கூடாது, ஏனெனில் அப் ஒருபோதும் பயனரைச் செயலிக்கு வெளியே கொண்டுசெல்லாது. இரண்டாவது, வேறொரு செயலியிலிருந்து இணைப்பு வழியாக உங்கள் செயலியின் உள்திரைக்கு வந்தவருக்குப் பேக் அந்த வேறு செயலிக்கே திரும்ப வழிவிடலாம். அப் உங்கள் செயலியின் தாய்த்திரைக்கு அழைத்துச் செல்லும். புதியவர்கள் இந்த எளிய நெறியையே கைக்கொள்வது நல்லது என்பது என் உறுதியான கருத்து. கையெட்டும் தொலைவில் இருப்பதை அழுத்தும் ஒருவருக்கு, மேலே இருப்பதும் கீழே இருப்பதும் வெவ்வேறு இடங்களுக்குப் போகும் என்று எதிர்பார்க்கக் காரணம் இல்லை.

முதற்படி: தாளில் வரைந்துகொள்ளுதல்

ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவைத் திறப்பதற்கு முன் ஒரு தாளை எடுத்து, எல்லாத் திரைகளின் பெயர்களையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு தாய்த்திரையைக் குறியுங்கள். பூ விவரத்தின் தாய் விலைப்பட்டியல். ஆர்டர் விவரத்தின் தாய் ஆர்டர் பட்டியல். ஒரு திரைக்கு இரண்டு தாய்கள் வேண்டும்போலத் தோன்றினால், பெரும்பாலும் அத்திரை இரண்டு வேலைகளைச் செய்துகொண்டிருக்கிறது என்று பொருள். அதைப் பிரிக்க முடியுமா என்று பாருங்கள்.

அடுத்து, தொடக்கத் திரை எது என்பதை முடிவு செய்யுங்கள். முகப்பில் சின்னத்தைத் தொட்டவுடன் வருவதும், பேக் அழுத்திக்கொண்டே போனால் கடைசியாகக் காணப்படுவதும் ஒரே திரையாக இருக்க வேண்டும். நம் செயலியில் அது விலைப்பட்டியல். நுழைவுத் திரை முதலில் தோன்றுவதால் அதையே தொடக்கத் திரையாக வைத்துவிடும் வழக்கம் பலரிடம் உண்டு. அது தவறு. நுழைவு என்பது ஒருமுறை வந்து விலகிப்போகும் இடைவழித் திரை. கணக்கில் நுழையாதவர் வந்தால் மட்டும் விலைப்பட்டியலிலிருந்து அங்கே அனுப்பி, வேலை முடிந்ததும் திருப்பி அழைத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாம் படி: அம்புக்குறியை இணைத்தல்

ஒவ்வொரு திரையையும் தனித்தனி ஆக்டிவிட்டியாக (இயங்குதளம் தனியே திறக்கக்கூடிய செயலிக் கூறாக) எழுதுபவர்களானால், செயலியின் கூறுகளை இயங்குதளத்துக்கு அறிவிக்கும் மேனிஃபெஸ்ட் கோப்பில் ஒவ்வோர் ஆக்டிவிட்டிக்கும் அதன் தாய் எது என்பதை பேரன்ட்ஆக்டிவிட்டிநேம் என்னும் பண்பில் குறித்துவிட்டாலே போதும். 2012இல் வந்த ஆண்ட்ராய்டு 4.1 முதல் இவ்வசதி உள்ளது. புதிதாக எழுதுபவர்கள் ஒரே ஆக்டிவிட்டிக்குள் பல திரைகளை வைத்து நேவிகேஷன் கம்போனன்ட்டைப் பயன்படுத்துவதே இன்றைய நடைமுறை.

அதில் முதலில் திரைகளின் வரைபடமான நேவ் கிராஃபை எழுத வேண்டும். பிறகு ஆப்பார் கான்ஃபிகரேஷன் என்னும் அமைப்பில் மேல்நிலைத் திரைகள் எவை என்று சொல்ல வேண்டும். நம் செயலியில் விலைப்பட்டியல், ஆர்டர் பட்டியல், கணக்கு ஆகிய மூன்றும் மேல்நிலைத் திரைகள். அதை மேற்பட்டையுடன் இணைத்துவிட்டால், அந்த மூன்றிலும் அம்பு மறைந்து மற்றவற்றில் தானாகத் தோன்றும். இறுதியாக, ஆக்டிவிட்டியில் ஆன்சப்போர்ட்நேவிகேட்அப் என்னும் மெத்தடுக்குள், திரை அடுக்கை நிர்வகிக்கும் நேவ் கன்ட்ரோலரின் நேவிகேட்அப்பை அழைக்க வேண்டும். திரைகளைக் காட்லினிலேயே வரையும் ஜெட்பேக் கம்போஸில் எழுதுபவர்கள் மேற்பட்டையின் இடப்பக்கச் சின்னத்தைத் தாங்களே வைத்து, அதைத் தொட்டால் அதே நேவிகேட்அப் அழைக்கப்படுமாறு செய்துகொள்ள வேண்டும். எந்தத் திரைகளில் அம்பு வேண்டாம் என்பதையும் அவர்களே முடிவு செய்ய வேண்டியிருக்கும்.

இந்த இடத்தில்தான் புதியவர்களிடம் மிகுதியாகக் காணப்படும் பிழை நிகழ்கிறது. பூ விவரத்தின் அம்புக்குறியை அழுத்தினால் விலைப்பட்டியல் வர வேண்டும் என்பதற்காக, அம்பின் கிளிக்கில் விலைப்பட்டியலுக்குச் செல்லும் நேவிகேட் கட்டளையை எழுதிவிடுகிறார்கள். திரையில் பார்த்தால் பட்டியல் வந்துவிடுகிறது; ஆகவே சரியாக இருப்பதாகவே தோன்றும். ஆனால் அடுக்கில் நடந்திருப்பது வேறு. பட்டியல், அதன்மேல் விவரம், அதன்மேல் இன்னொரு பட்டியல் என்று அடுக்கு உயர்ந்திருக்கிறது. பயனர் ஐந்து பூக்களைப் பார்த்துவிட்டு வெளியேற நினைத்தால், பட்டியலும் விவரமும் மாறி மாறிப் பத்து முறை வந்த பிறகே செயலி விடும். பழைய பட்டியலில் அவர் எந்த இடம்வரை உருட்டிப் பார்த்திருந்தாரோ அந்த இடமும் புதிய பட்டியலில் இருக்காது. திரும்பிச் செல்வதற்கு நேவிகேட் ஒருபோதும் பயன்படாது. நேவிகேட்அப் அல்லது பாப்பேக்ஸ்டாக் மட்டுமே பயன்பட வேண்டும். ஆக்டிவிட்டிகளை வைத்து எழுதுபவர்கள் ஸ்டார்ட்ஆக்டிவிட்டியால் தாய்த்திரையைத் திறப்பதும் இதே பிழைதான்.

பாப்பேக்ஸ்டாக், நேவிகேட்அப் ஆகிய இரண்டும் பெரும்பாலும் ஒரே வேலையைச் செய்வதால் எதை எங்கே எழுதுவது என்ற ஐயம் எழும். மேலுள்ள அம்புக்குப் பொதுவாக நேவிகேட்அப்பையே எழுதுங்கள். வேறு செயலியிலிருந்து வந்தவரை உங்கள் செயலியின் தாய்த்திரைக்கு முறையாகக் கொண்டுசேர்க்கும் அறிவு அதற்கு மட்டுமே உண்டு. படிவத்திலுள்ள ரத்து போன்ற பொத்தான்களுக்குப் பாப்பேக்ஸ்டாக் போதும். ஆனால் அடுக்கில் எடுப்பதற்கு ஒன்றுமில்லாவிட்டால் அது ஃபால்ஸ் என்ற மதிப்பைத் திருப்பித் தரும். அதைக் கவனிக்காமல் விட்டால் வெற்றுத் திரை நிற்கக்கூடும்.

அம்புச் சின்னத்துக்கு விளக்கப் பெயர் கொடுக்க மறக்காதீர்கள். டாக்பேக் என்னும் திரைவாசிப்பானைப் பயன்படுத்தும் பார்வையற்றவருக்கு அப்பெயரே வழிகாட்டி. செயலி தமிழில் இருந்தால் அதையும் தமிழிலேயே எழுதுங்கள்.

மூன்றாம் படி: திரும்பக்கூடாத திரைகளை நீக்குதல்

நுழைவுத் திரையில் கடவுச்சொல்லைக் கொடுத்து உள்ளே வந்தவர் பேக் அழுத்தியதும் மீண்டும் நுழைவுத் திரையைப் பார்த்தால், தாம் வெளியேற்றப்பட்டதாக எண்ணுவார். அதைவிடத் தீமையானது ஆர்டர் படிவத்தில் நிகழும். முப்பது கிலோ கிரேந்திப்பூவுக்கு ஆர்டர் அனுப்பி, ‘ஆர்டர் பெறப்பட்டது’ என்ற திரையைப் பார்த்தவர் பேக் அழுத்தும்போது, நிரப்பிய படிவமும் அனுப்பும் பொத்தானும் அப்படியே வந்து நின்றால், அவர் இன்னொரு முறை அனுப்பிவிட வாய்ப்பிருக்கிறது. பூ என்பது மறுநாளைக்கு வைத்திருக்கும் பொருள் அன்று. அறுபது கிலோ வந்து இறங்கினால் இழப்பு அவருடையதே.

இதைத் தடுக்க, அடுத்த திரைக்குச் செல்லும் கட்டளையிலேயே பாப்அப்டூ என்னும் விருப்பத்தைச் சேர்த்து, எந்தத் திரைவரை அடுக்கிலிருந்து அகற்ற வேண்டும் என்று சொல்ல வேண்டும். இன்க்ளூசிவ் என்பதை ட்ரூ என்று வைத்தால் அந்தத் திரையும் சேர்ந்து நீங்கும். ஆர்டர் அனுப்பியதும் படிவத்தின் முதல் பக்கம்வரை அதையும் சேர்த்து நீக்கிவிட்டால், வெற்றித் திரையின் அடியில் விலைப்பட்டியல் மட்டும் இருக்கும். எனினும் இரட்டை ஆர்டரைத் தடுக்கும் பொறுப்பை வழிசெலுத்தலிடம் மட்டும் விட்டுவிடக் கூடாது. ஒவ்வோர் ஆர்டருக்கும் ஒரு தனி அடையாள எண்ணைக் கைப்பேசியிலேயே உருவாக்கி அனுப்பி, அதே எண் இரண்டாம் முறை வந்தால் சர்வர் ஏற்காதவாறு எழுதுவதே முழுப் பாதுகாப்பு.

ஒரே பூவின்மேல் அவசரத்தில் இருமுறை தட்டினால் ஒரே விவரத் திரை இரண்டாக அடுக்கில் சேர்வதும் உண்டு. லான்ச்சிங்கிள்டாப் விருப்பம் அதற்கானது.

நான்காம் படி: வெளியிலிருந்து வருபவர்களுக்கு வழி அமைத்தல்

ஓணம் நெருங்கும்போது கேரளத்துக்குப் போகும் பூவின் அளவு உயர்வதால் விலை வேகமாக ஏறும். அந்நாட்களில் ‘பிச்சிப்பூ விலை உயர்ந்துள்ளது’ என்ற அறிவிப்பை அனுப்பினால், அதைத் தொடுபவர் நேராகப் பிச்சியின் விவரத் திரைக்கு வந்துவிடுவார். அவர் விலைப்பட்டியல் வழியாக நடந்து வரவில்லை; ஆகவே அடுக்கில் விவரத்துக்கு அடியில் எதுவும் இல்லை. நீங்கள் ஒன்றும் செய்யாவிட்டால் பேக் அழுத்தியவுடன் செயலி மூடிக்கொள்ளும். அறிவிப்பைத் தொட்டு வந்தவரும், விலைப்பட்டியலிலிருந்து நடந்து வந்தவரைப் போலவே திரும்ப முடிய வேண்டும்.

இதற்காக ஒரு செயற்கை அடுக்கை நாமே கட்டித்தர வேண்டும். ஆக்டிவிட்டிகளை வைத்து எழுதினால் டாஸ்க்ஸ்டாக்பில்டர் அந்த வேலையைச் செய்யும். மேனிஃபெஸ்ட்டில் குறித்த தாய்த்திரைகளைப் படித்து வரிசையாக அடுக்கிவிடும். நேவிகேஷன் கம்போனன்ட்டில் நேவ்டீப்லிங்க்பில்டரைக் கொண்டு, தொட்டால் எந்தத் திரை திறக்க வேண்டும் என்பதைச் சுமந்திருக்கும் பென்டிங்இன்டென்ட் ஒன்றை உருவாக்கி அறிவிப்பில் வைக்க வேண்டும். பயனர் தொட்டதும் செயலியின் பழைய அடுக்கு முழுவதும் கலைக்கப்பட்டு, புதிய செயற்கை அடுக்கு அதன் இடத்தில் வரும். பயனர் படிவமொன்றைப் பாதியில் வைத்திருந்தால் அதுவும் கலைந்துபோகும் என்பதை நினைவிற்கொள்ளுங்கள். வரைவைச் சேமிப்பதைப் பற்றி அடுத்த படியில் சொல்கிறேன்.

செயற்கை அடுக்கில் எந்தெந்தத் திரைகள் வரும் என்பதைப் புரிந்துகொள்வது முக்கியம். சேர வேண்டிய திரை எந்த நேவ் கிராஃபுக்குள் இருக்கிறதோ அந்த கிராஃபின் தொடக்கத் திரையும், அதற்கு வெளியே உள்ள கிராஃபின் தொடக்கத் திரையும் மட்டுமே வரும். நீங்கள் மனத்தில் வைத்திருக்கும் தாய்த்திரை வேறாக இருந்தால் நூலகம் அதை ஊகித்துக்கொள்ளாது. எனவே ஆர்டர் பட்டியலையும் ஆர்டர் விவரத்தையும் தனியே ஓர் உள் கிராஃபாகப் பிரித்து, பட்டியலை அதன் தொடக்கத் திரையாக வையுங்கள். அப்போது ‘உங்கள் ஆர்டர் புறப்பட்டது’ என்ற அறிவிப்பைத் தொட்டு ஆர்டர் விவரத்துக்கு வந்தவர், பேக் அழுத்தினால் ஆர்டர் பட்டியலுக்கும், மீண்டும் அழுத்தினால் விலைப்பட்டியலுக்கும் செல்வார். தாளில் வரைந்த தாய்த்திரை வரிசை இங்கேதான் பயன்படுகிறது.

வாட்ஸ்அப்பில் ஒருவர் பகிர்ந்த இணைய இணைப்பு வழியாக வருவது சற்று வேறானது. இணைப்பைத் திறந்த செயலி நியூடாஸ்க் என்னும் குறியுடன் உங்கள் செயலியை அழைத்திருந்தால், அறிவிப்பைப் போலவே செயற்கை அடுக்கு அமையும். அந்தக் குறி இல்லாமல் அழைத்திருந்தால், உங்கள் திரை அந்தச் செயலியின் அடுக்கின்மேலேயே அமர்ந்திருக்கும். பேக் அழுத்தினால் உரையாடலுக்கே திரும்பலாம், அப் அழுத்தினால் உங்கள் செயலி தனி அடுக்கில் தொடங்கித் தாய்த்திரையைக் காட்டும். இரண்டும் சரியான நடத்தையே. அதை மாற்ற முயல வேண்டியதில்லை. ஆனால் அந்தத் தளமும் செயலியும் உங்களுடையவையே என்று காட்டும் சரிபார்ப்புக் கோப்பை உங்கள் இணையதளத்தில் வைக்காவிட்டால், ஆண்ட்ராய்டு 12 முதல் அத்தகைய இணைப்பு செயலியில் திறக்காமல் பிரவுசரிலேயே திறக்கும்.

ஐந்தாம் படி: பேக் செய்தியை எப்போது பிடித்துக்கொள்வது

பேக் பயனருடைய உரிமை. அதைச் செயலி பிடித்து நிறுத்துவதற்குத் தக்க காரணம் இருக்க வேண்டும். விரிந்திருக்கும் தேடல் பட்டையை மூடுவது, பல ஆர்டர்களைத் தேர்ந்தெடுத்திருக்கும் நிலையை நீக்குவது, செயலிக்குள் காட்டும் இணையப் பக்கத்தில் முந்தைய பக்கத்துக்குச் செல்வது, சேமிக்காத வேலையைக் காப்பது ஆகியவை தக்க காரணங்கள். விளம்பரத்தைக் காட்டுவதும், ‘வெளியேற மீண்டும் ஒருமுறை அழுத்தவும்’ என்று சொல்வதும் தக்க காரணங்கள் அல்ல. ஆண்ட்ராய்டு 12 முதல், தொடக்கத் திரையில் பேக் அழுத்தினால் இயங்குதளம் ஆக்டிவிட்டியை அழிக்காமல் பின்னணிக்கு மட்டுமே அனுப்புகிறது. தவறுதலாக அழுத்தியவர் மீண்டும் திறந்தால் விட்ட இடத்திலேயே இருப்பார். ஆகவே இருமுறை அழுத்தச் சொல்வதால் இன்று எந்தப் பயனும் இல்லை.

பழைய முறையில் ஆக்டிவிட்டியின் ஆன்பேக்பிரஸ்டு மெத்தடை மாற்றி எழுதி, பேக் அழுத்தப்பட்ட பிறகு என்ன செய்வது என்று அதற்குள் முடிவு செய்வோம். 2022இல் வந்த ஆண்ட்ராய்டு 13இல் அந்த மெத்தட் கைவிடப்படவிருப்பதாக அறிவிக்கப்பட்டது. அதற்குக் காரணம் பிரிடிக்டிவ் பேக் என்னும் முன்காட்சி. விரலை ஓரத்திலிருந்து இழுத்து, இன்னும் விடாமல் பிடித்திருக்கும்போதே, விட்டால் எங்கே போவோம் என்பதை இயங்குதளம் சிறிதாகக் காட்டுகிறது. வேண்டாமென்றால் விரலைத் திருப்பிக் கொண்டுபோய் விட்டுவிடலாம். இப்படிக் காட்ட வேண்டுமானால், பேக் செய்தியை உங்கள் செயலி பிடித்துக்கொள்ளப் போகிறதா, இல்லையா என்பது இயங்குதளத்துக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். அழுத்திய பிறகு முடிவெடுக்கும் பழைய மெத்தடால் அதைச் சொல்ல இயலாது.

புதிய முறையில் ஆன்பேக்பிரஸ்டுகால்பேக் என்னும் பொருளை (கால்பேக்கை) உருவாக்கி, பேக் செய்தியைப் பகிர்ந்தளிக்கும் டிஸ்பாட்சரிடம் அதைப் பதிவு செய்கிறோம். அந்தப் பொருளில் இனேபிள்டு என்ற மதிப்பு உண்டு. அது ட்ரூ ஆக இருக்கும்போது மட்டும் பேக் செய்தி உங்களிடம் வரும்; ஃபால்ஸ் ஆக இருந்தால் இயங்குதளம் தன் வழக்கப்படி செய்துகொள்ளும். பலர் இந்தப் பொருளை எப்போதும் ட்ரூ ஆகவே வைத்துவிட்டு, உள்ளே இஃப் போட்டுப் பார்த்து, வேண்டாத நேரத்தில் பேக்கைத் தாங்களே அழைத்துக்கொள்கிறார்கள். அது பழைய முறையைப் புதிய பெயரில் எழுதுவதாகும், முன்காட்சியும் வராது. சரியான முறை, நிலை மாறும்போதே இனேபிள்டு மதிப்பையும் மாற்றுவது. தேடல் பட்டை விரியும்போது ட்ரூ, சுருங்கும்போது ஃபால்ஸ். இணையப் பக்கத்தில் பின்செல்ல முந்தைய பக்கம் இருந்தால் ட்ரூ, இல்லாவிட்டால் ஃபால்ஸ். கம்போஸில் பேக்ஹேண்ட்லர் என்னும் கூற்றுக்கு முதல் மதிப்பாக இதே நிலையைக் கொடுத்தால் போதும்.

ஒரே நேரத்தில் பல கால்பேக்குகள் பதிவாகி இருந்தால், கடைசியாகப் பதிவானது முதலில் அழைக்கப்படும். அது இயங்கா நிலையில் இருந்தால் அதற்கு முந்தையதற்குச் செய்தி போகும். பதிவு செய்யும்போது ஃபிராக்மென்ட்டின் (ஆக்டிவிட்டிக்குள் வைக்கும் திரையின்) வியூலைஃப்சைக்கிள்ஓனரையும் சேர்த்துக் கொடுங்கள். கொடுத்தால் திரை மறைந்ததும் கால்பேக் தானாக நீங்கும். கொடுக்காவிட்டால் மறைந்துபோன திரையொன்று வேறு திரையின் பேக்கைப் பிடித்து நிறுத்திக்கொண்டிருக்கும். காரணம் கண்டுபிடிக்க மிகுந்த நேரம் பிடிக்கும் கோளாறுகளில் இது ஒன்று.

ஆண்ட்ராய்டு 16ஐ, அதாவது ஏபிஐ 36ஐ, இலக்காகக் கொண்ட செயலியை அந்தப் பதிப்பு ஓடும் கைப்பேசியில் இயக்கினால், ஆன்பேக்பிரஸ்டு அழைக்கப்படுவதே இல்லை. கீகோட்பேக் என்னும் விசைச் செய்தியும் வருவதில்லை. மேனிஃபெஸ்ட்டில் இனேபிள்ஆன்பேக்இன்வோக்டுகால்பேக் என்பதை ஃபால்ஸ் ஆக்கித் தற்காலிகமாக விலகிக்கொள்ள வழியுண்டு. ஆனால் கூகுள் பிளே இலக்கு நிலையை ஆண்டுதோறும் உயர்த்தி வருகிறது; 2025 ஆகஸ்ட் 31 முதல் புதிய செயலிகளுக்கும் மேம்படுத்தல்களுக்கும் ஆண்ட்ராய்டு 15ஐ இலக்காக வைப்பது கட்டாயமாயிற்று. புதிதாகத் தொடங்குபவர் பழைய முறையைக் கற்று, பிறகு மாற்றிக்கொள்ளும் இரட்டை உழைப்பை மேற்கொள்ள வேண்டியதில்லை.

இனி, சேமிக்காத வேலையைப் பற்றி. ஆர்டர் படிவத்தில் எதையேனும் எழுதியபின் பேக் அழுத்தினால் ‘மாற்றங்களை விட்டுவிடவா?’ என்று கேட்கும் பெட்டியைக் காட்டுவது வழக்கம். அதற்கு, படிவத்தில் மாற்றம் நிகழ்ந்த கணத்தில் கால்பேக்கை ட்ரூ ஆக்க வேண்டும். வெற்றுப் படிவத்துக்குக் கேள்வி எழக்கூடாது. மேலுள்ள அம்பும் இதே பெட்டியைக் காட்ட வேண்டும். நேவிகேட்அப் இந்தக் கால்பேக்குகளைக் கேட்பதில்லை என்பதால், படிவத் திரையில் மட்டும் அம்பின் கிளிக்கை டிஸ்பாட்சரின் ஆன்பேக்பிரஸ்டுக்கு அனுப்புங்கள். கீழே அழுத்தினால் எச்சரிக்கையும் மேலே அழுத்தினால் இழப்பும் நேரும் செயலிகள் உண்மையிலேயே புழக்கத்தில் இருக்கின்றன.

ஆயினும், கேட்பதைவிடக் காப்பதே மேல் என்று நான் கருதுகிறேன். எழுத எழுத வரைவைக் கைப்பேசியின் தரவுத்தளத்தில் சேமித்துவிட்டு, பேக் அழுத்தினால் கேள்வியின்றி வெளியே விடுங்கள். மீண்டும் படிவத்தைத் திறக்கும்போது எழுதிய அளவு அப்படியே இருக்கட்டும். விலை கேட்டுக் கூவும் கூட்டத்தின் நடுவே நிற்பவர் பெட்டியிலுள்ள வாசகத்தைப் படிக்க மாட்டார். விரல் போன இடத்தில் அழுத்திவிடுவார். அழைப்பு வந்து செயலி பின்னணிக்குப் போய், நினைவகம் போதாமல் அழிக்கப்பட்டாலும் வரைவு தப்பும். கேள்விப் பெட்டி அந்த நிலையில் எதையும் காப்பாற்றாது.

தாவல்கள், பக்கப்பட்டி, பிற தளங்கள்

கீழ்த்தாவல்களைப் பொறுத்தவரை, ஆர்டர் தாவலில் இருப்பவர் பேக் அழுத்தினால் விலைத் தாவலுக்கு வந்து, அடுத்த அழுத்தத்தில் வெளியேறுவது இயல்பான நடத்தை. நேவிகேஷன் 2.4.0 பதிப்பு முதல் ஒவ்வொரு தாவலும் தன் அடுக்கைத் தனியே நினைவில் வைத்துக்கொள்ள முடியும். கீழ்த்தாவல் பட்டையைச் செட்அப்வித்நேவ்கன்ட்ரோலரால் இணைத்தால் அது தானாகவே நடக்கும்.

இடது ஓரத்திலிருந்து இழுத்துத் திறக்கும் பக்கப்பட்டியை வைக்காமலிருப்பது நல்லது, ஏனெனில் அந்த இழுப்பு இப்போது பேக் ஆகிவிட்டது. படத்தை ஓரத்திலிருந்து இழுப்பது போன்ற தவிர்க்க முடியாத இடங்களில் அப்பகுதியை விலக்கி வைக்குமாறு இயங்குதளத்தைக் கேட்கலாம். எனினும் ஒவ்வோர் ஓரத்திலும் செங்குத்தாக 200 டிபி (திரையின் அடர்த்தியைச் சாராத அளவலகு) அளவுவரை மட்டுமே அது இணங்கும்.

ஆண்ட்ராய்டுக்கும் ஐபோனுக்கும் சேர்த்து எழுத உதவும் ஃபிளட்டரில் எழுதுபவர்கள் பழைய வில்பாப்ஸ்கோப்பை விட்டுவிட்டுப் பாப்ஸ்கோப்பைப் பயன்படுத்த வேண்டும். அதிலுள்ள கேன்பாப் மதிப்பும் முன்கூட்டியே சொல்லும் அதே கொள்கையில் அமைந்தது. ஐபோனில் இயங்குதளத்துக்கென்று தனி பேக் பொத்தான் இல்லை. மேல் இடது மூலையிலுள்ள பொத்தானும், 2013இல் ஐஓஎஸ் 7 கொண்டுவந்த இடது ஓர இழுப்புமே அங்கே வழி. ஆகவே இரு தளங்களுக்கும் ஒரே செயலியை எழுதுபவர்கள் மேற்பட்டையில் பொத்தானை வைக்காமல் விட்டால் ஐபோன் பயனர் சிக்கிக்கொள்வார்.

ஆறாம் படி: சோதித்துப் பார்த்தல்

சோதனையைக் கணினியில் கைப்பேசிபோல் இயங்கும் எமுலேட்டரில் மட்டும் முடித்துவிடாதீர்கள். அமைப்புகளில் மூன்று பொத்தான் முறையையும் இழுப்பு முறையையும் மாற்றி மாற்றி வைத்து, இழுப்பு முறையில் வலது ஓரத்திலிருந்தும் இழுத்துப் பாருங்கள். டெவலப்பர் விருப்பங்களில், பயனர் விலகியவுடன் ஆக்டிவிட்டிகளை அழித்துவிடும் விருப்பத்தை இயக்கிவிட்டுப் படிவத்தை நிரப்புங்கள். பாதியில் வேறு செயலிக்குப் போய்த் திரும்பினால் எழுதியது இருக்கிறதா என்பது உடனே தெரிந்துவிடும். கைப்பேசியைக் கிடைமட்டமாகத் திருப்பியபின் பேக் அழுத்துங்கள்.

ஒவ்வொரு திரைக்கும் மூன்று வழிகளில் வந்து சேருங்கள்: உள்ளே நடந்து வந்தும், செயலி முற்றிலும் மூடியிருக்கும்போது அறிவிப்பைத் தொட்டு வந்தும், இணைப்பைத் திறந்து வந்தும். இணைப்பைச் சோதிக்க ஒவ்வொரு முறையும் வாட்ஸ்அப்பில் அனுப்பத் தேவையில்லை. கணினியிலிருந்து கைப்பேசிக்குக் கட்டளையிடும் ஏடிபி கருவியின் ஷெல்லில் ஏஎம் ஸ்டார்ட் கட்டளைக்கு வியூ என்னும் ஆக்ஷனையும் முகவரியையும் கொடுத்தால் கணினியிலிருந்தே திறக்கலாம். வந்து சேர்ந்த ஒவ்வொரு முறையும் முதலில் பேக் அழுத்தியும், மறுமுறை அதே வழியில் வந்து அப் அழுத்தியும், எங்கே போகிறது என்பதைத் தாளில் வரைந்த வரிசையுடன் ஒப்பிடுங்கள். தாளும் செயலியும் மாறுபடும் இடத்தைக் குறித்துக்கொண்டு, அந்தத் திரைக்கு வரும் நேவிகேட் கட்டளையை முதலில் பாருங்கள். கோளாறு பெரும்பாலும் திரும்பும் இடத்தில் அன்றி, பாப்அப்டூ விடுபட்ட அந்த வரியில்தான் இருக்கும்.

இவையெல்லாம் சரியான பிறகு, செயலியை உண்மையாகவே பயன்படுத்தப்போகிற ஒருவரிடம் அவருடைய சொந்தக் கைப்பேசியிலேயே கொடுத்து, எதுவும் சொல்லிக்கொடுக்காமல் ஓர் ஆர்டரை எழுதச் சொல்லுங்கள். பெரிய திரையுள்ள கைப்பேசியை ஒரு கையால் பிடித்திருப்பவருக்கு மேல் இடது மூலை எட்டுகிறதா, அவர் அம்பைத் தேடுகிறாரா அல்லது ஓரத்தை இழுக்கிறாரா, எந்தத் திரையில் தயங்கி நிற்கிறார் என்பவற்றை எழுதிக்கொள்ளுங்கள். அவர் தயங்கிய திரையின் பெயரைத் தாளில் வட்டமிட்டு, அதன் தாய்த்திரை சரிதானா என்பதிலிருந்து மறுபடியும் வேலையைத் தொடங்குங்கள்.